செவ்வாய்க்கிழமை காலை நான்கு மணி நேரம்: ஈர்ப்பலை ஆய்வகத்தை எப்போது நிறுத்திப் பராமரிப்பது?

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹேன்ஃபோர்டில் நள்ளிரவு தாண்டி 22 நிமிடம். எங்கோ வெகு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய ஈர்ப்பலை, அதாவது வெளியையே நெளியவைக்கும் அலை, அப்போதுதான் பூமியைக் கடந்து போனது. ஹேன்ஃபோர்டு, லூயிசியானாவின் லிவிங்ஸ்டன் ஆகிய இடங்களில், இந்த அலைகளைக் கேட்கும் லைகோ ஆய்வகத்தின் இரண்டு நிலையங்களும் அந்த நேரத்தில் விழித்திருந்தன. அதுவரை பதிவானவற்றில் மிகத் தெளிவான சமிக்ஞை அது. 2015 செப்டம்பரில் கிடைத்த முதல் சமிக்ஞையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தெளிவு.

ஹேன்ஃபோர்டில் வாரப் பராமரிப்பு செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். அலை வந்ததற்கும் அதற்கும் இடையே ஏழரை மணி நேரம்தான். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அந்த நிலையத்தில் கிரேன் ஓடிக்கொண்டிருந்திருக்கும், கருவி கேட்டிருக்காது. அவர்களுடைய தினசரிப் பதிவேடு பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். அதைப் படிக்கப் படிக்க எனக்கு எழுந்த கேள்வி இது: இப்படி ஒரு கருவியை வாராவாரம் வேண்டுமென்றே நிறுத்துவது சரியா? வேறு வழி உண்டா? நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா வரப்போகிறது, 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதனால் இந்தக் கேள்விக்கு நாமும் ஒரு நாள் பதில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் கருவி எவ்வளவு நுட்பமானது என்று பார்த்துவிடலாம். ஆங்கில எல் எழுத்து வடிவில் இரண்டு கைகள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். 1.2 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்க்குள் காற்றில்லாத வெற்றிடம். முனைகளில் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும், 40 கிலோ எடையுள்ள சிலிக்காக் கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊசலில் தொங்குகின்றன. கடைசி அடுக்கைத் தாங்குவது 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா இழைகள். கைகளின் நீளத்தில் ஒரு புரோட்டானின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் இது உணரும். ஆனால் எல்லாக் கண்ணாடிகளும் சரியான தூரத்திலும் கோணத்திலும் நிலைத்து, லேசர் ஒளி கைகளுக்குள் ஒத்திசைந்து நிற்கும்போதுதான் கேட்கும். அந்த நிலையை அங்கே எல்லாரும் 'லாக்' என்கிறார்கள். லாக் போனால் கருவி செவிடு.

ஆக ஒரு முறை நிறுத்தினால் இழப்பு நிறுத்திய நேரத்தோடு முடிவதில்லை. திரும்ப லாக் பிடிக்க எல்லாம் நல்லபடியாகப் போனால் ஒரு மணி நேரம். லாக் பிடித்த பிறகும் கைகளுக்குள் மூன்றரை லட்சம் வாட்டுக்கு மேல் சுழலும் ஒளியால் கண்ணாடிகள் மெல்லச் சூடேறி ஒரு நிலைக்கு வர இன்னும் சில மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரப் பராமரிப்பின் உண்மையான விலை ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. 2023க்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று சமிக்ஞைகள் கிடைத்துவந்தன. அதை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு மோதலைப் பராமரிப்புக்காக விட்டுக்கொடுக்கிறோம். இது சின்ன விலை இல்லை.

இந்த விலையைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றும் மாற்று ஒன்று உண்டு. கருவி தானாகவே அடிக்கடி லாக்கை இழக்கிறதே, அப்போது வேலையைச் செய்துகொண்டால் என்ன? 2019 ஏப்ரலில் தொடங்கிய ஆறு மாத ஓட்டத்தில் ஹேன்ஃபோர்டு அவதானித்தது 71 சதவீத நேரம், லிவிங்ஸ்டன் 76 சதவீதம். மீதி நேரம் சும்மாதானே கிடக்கிறது? பசிபிக்கின் மறுகரையில் பெரிய நிலநடுக்கம் வந்தால் தரை ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கும், லாக் பிடிக்கவே முடியாது. ஹேன்ஃபோர்டில் பலத்த காற்று வீசினாலும் அப்படித்தான். அதற்காகவே அங்கே காற்றுத் தடுப்பு வேலி போட்டிருக்கிறார்கள்.

இந்த வழி ஏற்கெனவே பாதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிலையத்தில் லாக் போனால் மற்றது அந்த நேரத்தைத் தன் சோதனைகளுக்கு எடுத்துக்கொள்கிறது. நாற்காலியை விட்டு எழாமல் செய்யக்கூடிய வேலைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. மென்பொருள் மாற்றம், அளவீடு, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றைத் திருத்துவது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் நிலநடுக்கம் நேரம் சொல்லிவிட்டு வராது. ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு லாக் போனால் வெற்றிடப் பிரிவின் ஆட்கள் அங்கே இருக்க மாட்டார்கள். வெற்றிடத்தைக் காக்கத் தேவையான திரவ நைட்ரஜனைக் கொண்டுவரும் லாரியை அந்த நேரத்தில் வரவழைக்க முடியாது. லேசர் இருக்கும் இடத்தில் கிரேன் இயக்கத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவரை அனுப்புவது ஆபத்து.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சந்தர்ப்பம் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம் என்று விட்ட வேலை கருவி நன்றாக ஓடும் மாதத்தில் நடக்கவே நடக்காது. எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று தள்ளிப்போடுவோம். குளிர்விப்பானில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெற்றிடப் பம்பின் சத்தம் மெதுவாக மாறும், யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போய்ப் பார்ப்பது என்றதும் காக்கைக் கதை ஞாபகம் வருகிறது. 2017இல் ஹேன்ஃபோர்டின் தரவில் விளங்காத இரைச்சல் ஒன்று தலைகாட்டியது. ஒரு கையின் கடைசியில் இருக்கும் ஒலிவாங்கியில் டொக் டொக் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் வெளியேறும் குழாயின்மேல் உறைந்திருந்த பனிக்கட்டியில் அலகு கொத்திய தடங்கள். பாலைவன வெயிலில் தாகமெடுத்த அண்டங்காக்கைகளின் வேலை. குழாயில் பனி சேராமல் ஏற்பாடு செய்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. திரையில் கோடாகத் தெரிந்ததற்கு நேரில் நடந்து போனவர்கள்தான் காரணம் கண்டுபிடித்தார்கள்.

அதனால்தான் நாள் குறித்த பராமரிப்புக்கு என் ஓட்டு. ஹேன்ஃபோர்டின் செவ்வாய் எப்படிப் போகிறது என்று பாருங்கள். எட்டு மணிக்கு ஆபரேட்டர் கருவியை அவதானிப்பிலிருந்து விடுவிக்கிறார். ஆட்கள் நடமாடுவதற்கும் வண்டிகள் வருவதற்கும் ஏற்றபடி நில அதிர்வுத் தடுப்பு அமைப்பைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுகிறார். பிறகு ஒவ்வொரு குழுவாக உள்ளே போகிறது. ஒருவர் லேசரின் குளிர்விப்பானில் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் தரையைத் துடைக்கிறார், வேறொருவர் கட்டுப்பாட்டுக் கணினிகளை நிறுத்திப் புது மென்பொருள் ஏற்றுகிறார். வெளியே உருண்டு வந்து குழாயோரம் மலைபோலக் குவியும் காய்ந்த முட்செடிகளை இயந்திரம் வைத்துக் கட்டுக்கட்டாக அகற்றுகிறார்கள்.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது நடக்கும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் கையில் பட்டியலோடு பெரிய கூடம் முழுவதும் நடக்கிறார். விளக்குகள் அணைந்தனவா? கிரேன் தன் இடத்துக்குப் போய் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா? தொலைபேசிகளைக் கழற்றியாயிற்றா? யாராவது மின்விசிறியையோ அளவீட்டுக் கருவியையோ பிளக்கில் விட்டுவிட்டுப் போனார்களா? மறந்துபோன ஒரு மின்கருவியின் மெல்லிய ரீங்காரம்கூட, நூற்றுக்கணக்கான மில்லியன் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் அலையின்மேல் கோடு போட்டுவிடும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர் அடுப்பையும் குழாயையும் திரும்பத் திரும்பப் பார்ப்பாரே, அதே கவனம்.

பகல் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் யோசனை இருக்கிறது. பகலில் சாலைப் போக்குவரத்து, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து தரை எப்படியும் கொஞ்சம் அதிகமாகவே அதிரும். லிவிங்ஸ்டனைச் சுற்றியுள்ள காடுகளில் மரம் வெட்டுகிறார்கள், பக்கத்தில் ரயிலும் போகிறது. இரவில் கருவி இதைவிட நன்றாகக் கேட்கும். இழக்கத்தான் வேண்டும் என்றால் பகலை இழப்பது மேல்.

சரி, நாள் குறித்துச் செய்யலாம். அடுத்து, எல்லா நிலையங்களும் ஒரே நாளில் நிற்பதா, முறை வைத்து நிற்பதா?

இரண்டு நிலையங்கள் மட்டும் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, சேர்ந்து நிற்பதுதான் சரி. சமிக்ஞை உண்மையானதா, ஏதோ உள்ளூர் இரைச்சலா என்று நம்பிக்கையோடு சொல்ல இரண்டும் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நான்கு மணி நேரம் நின்றால் கூட்டு அவதானிப்பு நான்கு மணி நேரம் போகும். தனித்தனியாக நின்றால் எட்டு மணி நேரம் போகும். ஹேன்ஃபோர்டும் லிவிங்ஸ்டனும் செவ்வாயையே வைத்துக்கொண்டிருப்பதற்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

எதிர்வாதத்திலும் வலு இருக்கிறது. ஒரே நிலையம் கேட்டதும் வீணில்லை. 2023 மே 29 அன்று லிவிங்ஸ்டன் மட்டும் விழித்திருந்தபோது ஒரு நியூட்ரான் விண்மீன், அதைவிடக் கனமான ஏதோ ஒன்றோடு மோதிய அலை வந்தது. மிக முக்கியமான கண்டுபிடிப்பு அது. முறை வைத்து நின்றால் வானத்தைக் கேட்க எப்போதும் ஒரு காதாவது திறந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் ஒற்றைக் காது கேட்டால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது லைகோவின் இரண்டு நிலையங்களோடு இத்தாலியின் ஈர்ப்பலை நிலையமான விர்கோவும் இயங்கியது. வானில் 28 சதுர பாகைக்குள் இடத்தைக் குறுக்க முடிந்தது, அன்றைக்கே தொலைநோக்கிகள் அந்த விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டன. 2019 ஏப்ரல் 25இல் அதே வகை மோதல் மறுபடி வந்தபோது ஹேன்ஃபோர்டு நின்றிருந்தது. தேட வேண்டிய பரப்பு 8,000 சதுர பாகைக்கு மேல், அதாவது முழு வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தொலைநோக்கிகளால் எதையும் பார்க்க முடியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, கூட்டு அவதானிப்பைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்று எனக்குப் படுகிறது.

நிலையங்கள் மூன்று, நான்கு என்று ஆகும்போது கணக்கு மாறுகிறது. சம பலமுள்ள மூன்று நிலையங்கள் இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்தினாலும் மீதி இரண்டு எப்போதும் விழித்திருக்கும். அப்போது முறை வைப்பதற்கு அர்த்தம் வருகிறது. ஹிங்கோலியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் அலைன்மென்ட், அதாவது கண்ணாடிகளைச் சரியான கோணத்தில் நேராக்கும் வேலை. ஒரு கண்ணாடி ஒரு மைக்ரோரேடியன் சாய்ந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்தால் அவ்வளவு சாய்வு. தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு. அந்தச் சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி, 4 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது 8 மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஏசி ஒரு டிகிரி மாறினாலே தொங்கும் அமைப்புகள் மெல்ல நகர்கின்றன. அதனால் இது ஒருமுறை சரிபார்த்து முடித்துவிடும் வேலை இல்லை, தினமும் இருக்கிறது.

லாக் போன பிறகு இரண்டு வழி. ஒன்று, கடைசியாக எல்லாம் சரியாக இருந்தபோது பதிந்துவைத்த நிலைக்கே கண்ணாடிகளைக் கொண்டுபோய் நேராக லாக்குக்கு முயல்வது. மற்றது, முழு அலைன்மென்டையும் அடியிலிருந்து செய்வது. முழு அலைன்மென்ட் என்றால், கைகளின் முனையிலிருந்து பச்சை லேசரை அனுப்பி முதலில் ஒவ்வொரு கையையும் தனியாக நேராக்குவார்கள். பிறகு முதன்மையான அகச்சிவப்பு லேசர், அதன் பிறகு ஒளிப்பிரிப்பானும் மையத்திலுள்ள மற்ற கண்ணாடிகளும். கார்டியன் என்ற தானியங்கி மென்பொருள் இதைப் படிப்படியாகச் செய்துவிடும். ஆகும் நேரம் சுமார் இருபது நிமிடம்.

இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். லாக் சும்மா ஒரு குலுங்கலில் போயிருந்தால், பச்சை ஒளி கையில் பளிச்சென்று மின்னினால், நேரடியாக முயல்வது நியாயம். ஆனால் செவ்வாய்ப் பராமரிப்பு முடிந்த பிறகும், பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும், வெப்பநிலை மாறிய நாளிலும் அந்த இருபது நிமிடத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. பதிவேட்டில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரிகள் வருகின்றன: ஒருமுறை முயன்றோம், நடுவில் விழுந்தது, மறுபடி முயன்றோம், விழுந்தது, கடைசியில் முழு அலைன்மென்ட் செய்தோம், முதல் முயற்சியிலேயே பிடித்தது. இரண்டு முறை விழுந்தால் மூன்றாவது யோசனை வேண்டாம், அடியிலிருந்து தொடங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

லாக் பிடித்த பிறகும் ஒளிக்கற்றை கண்ணாடியின் சரியான புள்ளியிலேயே விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலகினால் கண்ணாடியின் கோண அசைவு நீள மாற்றம்போலத் தரவில் புகுந்துவிடும். இதற்கும் இரண்டு முறைகள். கண்ணாடியைக் குறிப்பிட்ட அதிர்வெண்களில் மெல்ல ஆட்டி, அது தரவில் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, ஒளியை நடுவுக்குக் கொண்டுவருவது ஒன்று. கேமராவில் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் நிறுத்துவது இன்னொன்று. ஆட்டிப் பார்ப்பது நேர்மையான அளவு, கண்ணாடியின் உண்மையான சுழற்சி மையத்தையே அது சொல்லும். ஆனால் ஆட்டத்தின் தடம் தரவில் விழும். கேமரா எதையும் தொடாது. ஆனால் சரியான இடம் எது என்று யாராவது அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஹேன்ஃபோர்டில் இரண்டையும் சேர்த்தார்கள். லாக்கின் தொடக்கத்தில் ஆட்டிப் பார்த்து இடத்தைப் பிடித்து, பிறகு பொறுப்பைக் கேமராவிடம் ஒப்படைப்பது. அவதானிப்பில் இருக்கும்போது கேமரா, இடைவெளியில் ஆட்டம் என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கும் சரியாகத் தோன்றுகிறது.

ஆட்டிப் பார்க்கும் வேலையின் நடுவிலேயே ஒருமுறை அலை வந்துவிட்டது. 2017 ஜூன் மாதம், ஹேன்ஃபோர்டில் மாலை ஏழு மணி. கோண இரைச்சலைக் குறைக்கும் வழக்கமான அளவீடு ஒன்றைத் தொடங்கி இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து இரண்டு சிறிய கருந்துளைகளின் அலை வந்தது, சூரியனைப்போல 12 மடங்கும் 7 மடங்கும் எடை கொண்டவை. கருவி அப்போது அவதானிப்பில் இல்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. நல்ல காலம், ஆட்டம் 19 முதல் 23 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் மட்டும் இருந்தது. 30 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள தரவு சுத்தமாக இருந்ததால் அந்தச் சமிக்ஞையைக் காப்பாற்ற முடிந்தது. அளவீட்டைத் திட்டமிடும்போது குறுகிய அதிர்வெண்ணில், லாக்கை விடாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆள் வேண்டுமா, கார்டியனே போதுமா என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. ஹேன்ஃபோர்டில் பின்னிரவு ஷிஃப்டில் கார்டியனே லாக் பிடிக்க முயன்று, முடியாவிட்டால் ஆபரேட்டரைத் தொலைபேசியில் எழுப்பும் முறை வந்திருக்கிறது. இரவுக்கு அது போதும். பகலில், அதிலும் பராமரிப்பு முடிந்த கையோடு, ஆபரேட்டர் நாற்காலியில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எதைத் தொட்டார்கள், எதை மறந்தார்கள் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

இப்போது ஹிங்கோலி. அங்கே நிறுவப்படப்போகும் கருவியின் பாகங்கள் முதலில் ஹேன்ஃபோர்டின் இரண்டாவது கருவிக்காகத் தயாரானவை. கருவி ஒன்றுதான், அதனால் பராமரிப்பு அட்டவணையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஹேன்ஃபோர்டின் செவ்வாய் காலை எட்டு முதல் பன்னிரண்டு என்பது, குளிர்காலத்தில் நமக்கு செவ்வாய் இரவு ஒன்பதரை முதல் புதன் அதிகாலை ஒன்றரை. கோடையில் ஒரு மணி நேரம் முன்னால். அமெரிக்க நிலையங்களோடு சேர்ந்து நிற்க வேண்டுமானால் நம் ஆட்கள் நடு இரவில் கிரேன் இயக்க வேண்டும், நைட்ரஜன் லாரி இருட்டில் வர வேண்டும், கைகளின் ஓரமாக 4 கிலோமீட்டர் டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். பாம்பு தேள் உள்ள நிலத்தில் அது வேண்டாத வேலை.

அங்கே நம் பகலில், நம் ஆட்கள் தெளிவாக விழித்திருக்கும் காலை ஒன்பது மணிக்கு நிறுத்துவதே நல்லது. அமெரிக்காவில் அது முந்தைய நாள் மாலையோ இரவோ, அவர்களுடைய கருவிகள் நன்றாகக் கேட்கும் நேரம். மூன்றாவது நிலையம் என்பதால் மற்ற இரண்டும் கூட்டாக விழித்திருக்கும், நமக்குப் பகலிரைச்சல் உள்ள நேரம்தான் கழியும். அவர்கள் செவ்வாயில் நிற்கும்போது நம் இரவு அமைதியாக இருக்கும், வானத்தைக் கேட்கும் பொறுப்பு ஹிங்கோலிக்கு வரும். விர்கோவும் ஓடிக்கொண்டிருந்தால் அப்போதும் இரண்டு காதுகள். நிறுத்தும் கிழமையை விர்கோ குழுவோடு பேசி, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்காதபடி குறித்துக்கொள்வது மட்டும் பாக்கி.